ஹிட்லரின் ஒரு போன் கால்: மேஜர் ரேமர் போர் முடிந்தபின் கட்சி மேடை ஏறிய கதை

2008-ல் வந்த 'வால்கைரி' படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. ஹிட்லர் செத்துட்டார் என்று நம்பி, கோயபல்ஸைக் கைது செய்யப் போகிறார் ஒரு இளம் மேஜர். அவர் கையில் போன் ரிசீவரைத் திணிக்கிறார் கோயபல்ஸ். மறுமுனையில் ஹிட்லர். மொத்த சதித்திட்டமும் அந்த இடத்திலேயே தலைகீழாகிறது.

படத்தில் அந்த மேஜரின் பங்கு அத்தோடு முடிந்துவிடும். நிஜத்தில் அவர் இன்னும் 53 வருஷம் வாழ்ந்தார். பெயர் ஓட்டோ எர்ன்ஸ்ட் ரேமர். போர் முடிந்தபின் கட்சி தொடங்கினார், ஓட்டு வாங்கினார், கோர்ட் ஏறினார், நாட்டை விட்டு ஓடினார், திரும்பி வந்தார், மறுபடியும் ஓடினார். இன்றைக்கு ஜெர்மனியில் ஒரு கட்சியைத் தடை செய்யலாமா என்று விவாதம் வரும்போதெல்லாம் அவர் தொடங்கிய கட்சியின் பெயர்தான் முதல் உதாரணமாக வருகிறது.

யார் இந்த ரேமர்? தோற்றுப்போன ஒரு ராணுவத்தின் அதிகாரிக்கு, தோல்வி நடந்து ஆறே வருஷத்தில் லட்சக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டது எப்படி?

1944 ஜூலை 20: அன்று நடந்தது என்ன?

ரேமர் 1912 ஆகஸ்ட் 18-ல் வட ஜெர்மனியின் நியூபிராண்டன்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். இருபது வயதையொட்டி ராணுவத்தில் சேர்ந்தார். ரஷ்யப் போர்முனையில் பலமுறை காயம்பட்டார். 1943-ல் ராணுவத்தின் உயரிய பதக்கங்களில் ஒன்றை ஹிட்லர் கையாலேயே வாங்கினார். 1944 மே மாதம் பெர்லினில் அரசு அலுவலகங்களைப் பாதுகாக்கும் காவல் பட்டாலியனின் தளபதி ஆனார்.

ஜூலை 20 மதியம், கிழக்கு பிரஷியாவில் ஹிட்லரின் தலைமையகத்தில் குண்டு வெடித்தது. வைத்தவர் கர்னல் ஸ்டாஃபன்பெர்க். நான்கு பேர் இறந்தார்கள், ஹிட்லர் சிறு காயங்களோடு தப்பினார். இது தெரியாமல் பெர்லினில் இருந்த சதிக்குழு ஆட்சியைக் கைப்பற்றும் வேலையைத் தொடங்கிவிட்டது. நகரத்தின் ராணுவப் பொறுப்பாளர் பால் ஃபான் ஹாசே அந்தக் குழுவில் ஒருவர். அரசு அலுவலகங்கள் இருக்கும் பகுதியைச் சுற்றி வளைக்கும்படி அவர் ரேமருக்கு உத்தரவிட்டார். ரேமரும் அப்படியே செய்தார்.

சந்தேகம் கிளப்பியவர் ரேமரின் கீழ் இருந்த ஹான்ஸ் ஹாகன் என்ற லெப்டினன்ட். அவர் கோயபல்ஸிடம் ஓடினார். மாலை ஏழு மணி வாக்கில் ரேமரும் அங்கே போய்ச் சேர்ந்தார். கோயபல்ஸ் போனில் ஹிட்லரைப் பிடித்துக் கொடுத்தார். என் குரல் தெரிகிறதா என்று ஹிட்லர் கேட்டார். ரேமருக்குத் தெரிந்தது. பெர்லினில் கலகத்தை அடக்கும் முழு அதிகாரமும் அந்த நிமிஷமே அவரிடம் வந்தது. லெப்டினன்ட் கர்னல் பதவியைத் தாண்டி நேராகக் கர்னல் ஆனார்.

அன்று இரவே ஸ்டாஃபன்பெர்க்கும் அவரது கூட்டாளிகள் மூன்று பேரும் ராணுவ அலுவலக முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ரேமருக்கு உத்தரவு கொடுத்த ஹாசே ஆகஸ்ட் 8-ல் தூக்கிலிடப்பட்டார். அடுத்த மாதங்களில் இந்தச் சதியை ஒட்டிக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 200 பேர். 1945 ஜனவரியில், 32 வயதில், ரேமர் மேஜர் ஜெனரல் ஆனார்.

ஜூலைக்குப் பிறகும் போர் ஒன்பது மாதத்துக்கு மேல் நீண்டது. அகதி முகாம்களும் வதை முகாம்களும் குண்டு விழுந்த நகரங்களுமாக அந்த மாதங்களில் செத்தவர்கள் பல லட்சம். போன் கால் வராமல் இருந்திருந்தால் சதி ஜெயித்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஹிட்லர் உயிரோடு இருந்ததே சதியின் முதுகெலும்பை ஏற்கெனவே உடைத்துவிட்டது. ஆனால், அன்று செய்ததை ரேமர் கடைசிவரை பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டார்.

இந்தக் கதையில் இந்தியா எங்கே வருகிறது?

தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவரின் பெயர் ஆடம் ஃபான் ட்ராட். ஆக்ஸ்ஃபோர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்தவர், ஜெர்மன் வெளியுறவுத் துறை அதிகாரி. 1941-ல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெர்லின் வந்தபோது, அவரோடு வேலை செய்ய வெளியுறவுத் துறையில் இந்தியாவுக்கென்று ஒரு தனிப் பிரிவு உருவானது. அதற்குத் தலைவர் ட்ராட்தான். பெர்லினில் 'சுதந்திர இந்தியா மையம்' செயல்பட ஆரம்பித்ததில் அந்தப் பிரிவுக்குப் பெரிய பங்கு உண்டு.

போஸ் 1943 பிப்ரவரியில் நீர்மூழ்கியில் ஏறி ஆசியாவுக்குக் கிளம்பினார். மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் திரளாக அவர் படையில் சேர்ந்தது நமக்குத் தெரிந்த கதை. பெர்லினில் தங்கிய ட்ராட், பகலில் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஹிட்லருக்கு எதிரான குழுவோடு ரகசியமாக இயங்கினார். 1944 ஆகஸ்ட் 26-ல் பெர்லின் ப்ளோட்சன்ஸே சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 35.

ரேமர் பின்னாளில் மேடை மேடையாகத் துரோகிகள் என்று திட்டியது இவரையும் சேர்த்துத்தான்.

தோற்ற ராணுவத்தின் அதிகாரிக்கு ஓட்டு போட்டது யார்?

1945-ல் அமெரிக்கர்களிடம் பிடிபட்ட ரேமர் 1947 வரை கைதியாக இருந்தார். 1949 மே மாதம் மேற்கு ஜெர்மனி என்ற புது ஜனநாயக நாடு உருவானது. அதே வருஷம் அக்டோபர் 2-ல் 'சோஷலிஸ்ட் ரைஷ் கட்சி' என்ற பெயரில் ஒரு கட்சி தொடங்கப்பட்டது. தலைவர் ஃப்ரிட்ஸ் டோர்ல்ஸ், துணைத் தலைவர் ரேமர். கட்சி நடத்தியது டோர்ல்ஸ் என்றாலும், கூட்டம் சேர்த்தது ரேமர். ஹிட்லரோடு போனில் பேசிய ஜெனரலைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள்.

கட்சியின் கோட்டை, வடக்கே இருக்கும் லோயர் சாக்ஸனி மாநிலம். அங்கே பெரிய தொழில் நகரங்கள் குறைவு, விவசாயக் கிராமங்களும் சிறுநகரங்களும் அதிகம். நம்ம பக்கத்துக்கு மாற்றிச் சொன்னால், குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, ஆண்டிமடம் மாதிரி ஊர்களில் தினம் ஒரு கூட்டம் போடுவது போல. போரில் இழந்த கிழக்குப் பகுதிகளிலிருந்து விரட்டப்பட்ட அகதிகள் அந்த மாநிலத்தில் நாலில் ஒருவருக்கு மேல். வேலை இல்லை, வீடு இல்லை. பதவியும் பென்ஷனும் போன பழைய அதிகாரிகள், ஊழியர்கள் இன்னொரு பக்கம். நேற்றுவரை மரியாதையாகப் பார்த்த சீருடை இன்றைக்கு அவமானமாகிவிட்டதே என்ற கோபம் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

ரேமர் அவர்களுக்கு வேலையும் தரவில்லை, வீடும் தரவில்லை. உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்று சொன்னார். நாம் தோற்றது முதுகில் குத்தியவர்களால் என்று சொன்னார். கேட்பவர்களுக்கு அது ஆறுதலாக இருந்தது.

1951 மே 6-ல் மாநிலத் தேர்தல். கட்சிக்குக் கிடைத்தது சுமார் 3.66 லட்சம் ஓட்டு, 11 சதவீதம், 16 இடங்கள். 2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தின் மொத்த மக்கள் தொகையே சுமார் 5.65 லட்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு என்று புரியும். அக்டோபரில் பிரேமன் நகர மாநிலத்தில் 7.7 சதவீதம், 8 இடங்கள். ஹிட்லர் செத்து ஆறு வருஷம் மட்டுமே ஆகியிருந்த நிலையில், உலகம் பதறியதில் ஆச்சரியமில்லை.

எல்லா அதிகாரிகளும் இப்படிப் போனார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. சதிக்குழுவோடு தொடர்பு இருந்ததாகக் கைதான ஜெனரல் ஹான்ஸ் ஷ்பைடல், பின்னாளில் ஜெர்மனியின் புதிய ராணுவத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1957-ல் மத்திய ஐரோப்பாவில் நேட்டோவின் தரைப்படைத் தளபதியாகவும் ஆனார். மறுபக்கம், போர் விமானி ஹான்ஸ்-உல்ரிஹ் ருடல் 1953 தேர்தலில் இன்னொரு தீவிர வலதுசாரிக் கட்சிக்காகக் களமிறங்கித் தோற்றார். ஒரே ராணுவத்தில் இருந்து வந்தவர்கள்தான். ஆனால், நடந்ததற்குப் பொறுப்பேற்பதா, பழியை அடுத்தவர் மேல் போடுவதா என்ற இடத்தில் பாதை பிரிந்தது.

வழக்கு எப்படி வந்தது?

தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, 1951 மே 3-ல் பிரவுன்ஷ்வைக் நகரில் ரேமர் பேசினார். ஜூலை 20 சதியில் இருந்தவர்கள் நாட்டுக்குத் துரோகம் செய்தவர்கள், அவர்களில் சிலர் வெளிநாட்டுப் பணம் வாங்கியவர்கள் என்றார். கேட்டவர்களில் பலருக்கு இதில் தவறாக எதுவும் தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஜெர்மனியில் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். ராணுவ வீரன் போட்ட சத்தியத்தை மீறலாமா என்பது அவர்கள் கேள்வி. கொல்லப்பட்டவர்களின் மனைவிகளும் பிள்ளைகளும் துரோகி குடும்பம் என்ற பெயரோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஹிட்லர் எதிர்ப்பாளர்களோடு தொடர்பில் இருந்தவரான உள்துறை அமைச்சர் ராபர்ட் லேர் புகார் கொடுத்தார். வழக்கைக் கையில் எடுத்தவர் பிரவுன்ஷ்வைக் தலைமை அரசு வழக்கறிஞர் ஃப்ரிட்ஸ் பாவர்.

பாவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யூதர், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர். 1933-ல் நாஜிகள் அவரை முகாமில் அடைத்தார்கள். டென்மார்க்குக்கும் அங்கிருந்து ஸ்வீடனுக்கும் தப்பிப் போய், 1949-ல் திரும்பி வந்தார். இன்னொரு விஷயம்: ஸ்டட்கார்ட்டில் ஸ்டாஃபன்பெர்க் படித்த அதே பள்ளிக்கூடத்தில் படித்தவர் பாவர்.

1952 மார்ச்சில் விசாரணை நடந்தது. ரேமருக்கு எத்தனை மாசம் தண்டனை என்பதில் பாவருக்குப் பெரிய அக்கறை இல்லை. எவ்வளவு தண்டனை வேண்டும் என்றுகூட அவர் கேட்கவில்லை. கோர்ட்டில் ஒரே ஒரு விஷயம் பதிவாக வேண்டும் என்று நினைத்தார். இறையியல் அறிஞர்களையும் வரலாற்று அறிஞர்களையும் கூண்டில் ஏற்றிக் கருத்துச் சொல்ல வைத்தார்.

கோர்ட்டில் நடந்த உண்மையான விவாதம் என்ன?

1934 ஆகஸ்ட்டிலிருந்து ஜெர்மன் வீரர்கள் சத்தியம் செய்தது நாட்டுக்கோ அரசியல் சட்டத்துக்கோ இல்லை. ஹிட்லர் என்ற தனி மனிதருக்கு. அந்தச் சத்தியத்தை மீறினால் துரோகம் என்பது ரேமர் தரப்பு வாதம்.

பாவரின் வாதம் நேர் எதிர். தினம் தினம் ஆயிரக்கணக்கில் கொலை செய்யும் அரசு, சட்டத்தின் ஆட்சியே கிடையாத அரசு. அப்படிப்பட்ட அரசுக்கு எதிராகத் துரோகம் என்று ஒன்று இருக்கவே முடியாது. அநியாயத்துக்குச் செய்த சத்தியம் யாரையும் கட்டுப்படுத்தாது. எதிர்த்து நின்றவர்கள் நாட்டைக் காப்பாற்றப் பார்த்தவர்கள்.

இந்தியர்களுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை. 1945 நவம்பரில் டெல்லி செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், தில்லான் ஆகிய மூன்று இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மேல் வழக்கு நடந்தது. பிரிட்டிஷ் மன்னருக்குச் செய்த சத்தியத்தை மீறி அவருக்கு எதிராகப் போர் செய்தார்கள் என்பதுதான் அங்கே முக்கியக் குற்றச்சாட்டு. அடிமைப்பட்ட நாட்டு மக்களுக்கு விடுதலைக்காகப் போர் செய்யும் உரிமை உண்டு என்று வாதாடினார் பூலாபாய் தேசாய். தண்டனை அறிவிக்கப்பட்டும், நாடு கொந்தளித்ததால் 1946 தொடக்கத்தில் அவர்களை விடுவிக்க வேண்டியதாயிற்று. இரண்டு வழக்கும் ஒன்றல்ல. சூழலும் ஆட்களும் வேறு. ஆனால், சத்தியம் பெரியதா, யாருக்காகச் செய்கிறோம் என்பது பெரியதா என்ற கேள்வி இரண்டிலும் ஒன்றுதான்.

பிரவுன்ஷ்வைக் வழக்கின் நீதிபதி, ஸ்டாலின்கிராட் போரில் இருந்து சோவியத் சிறையில் கிடந்து வந்தவர். அவர் தலைமையிலான அமர்வு மார்ச் 15-ல் தீர்ப்பு சொன்னது. அவதூறு செய்தது, இறந்தவர்களின் நினைவை இழிவுபடுத்தியது ஆகிய குற்றங்களுக்காக ரேமருக்கு மூன்று மாதம் சிறை.

மூன்றே மாதம்தானா என்று தோன்றும். ஆனால், நாஜி அரசு சட்டத்தின் ஆட்சி இல்லாத அரசு என்பதை ஜெர்மன் கோர்ட் ஒன்று வெளிப்படையாகச் சொன்னது பெரிய திருப்பம். துரோகி குடும்பம் என்ற பெயரைச் சுமந்தவர்களுக்கு முதல்முறையாக அரசின் கோர்ட்டிலிருந்து ஒரு பதில் கிடைத்தது. ஸ்டாஃபன்பெர்க் சுடப்பட்ட கட்டடத்தின் தெருவுக்கு 1955-ல் அவர் பெயரே வைக்கப்பட்டது.

கட்சிக்கு என்ன ஆனது?

இதற்கிடையில் 1951 நவம்பரிலேயே மத்திய அரசு கட்சியைத் தடை செய்யக் கோரி அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. கார்ல்ஸ்ரூ நகரில் அந்த நீதிமன்றம் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்வது இது: ஜனநாயக அமைப்பையே ஒழிக்க நினைக்கும் கட்சி சட்டவிரோதம். ஆனால், அதை முடிவு செய்வது அரசாங்கம் இல்லை, நீதிமன்றம் மட்டும்தான். ஹிட்லர் தேர்தல் வழியாக வந்துதான் தேர்தலையே ஒழித்தார் என்ற அனுபவத்தில் எழுதப்பட்ட பிரிவு அது.

தீர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும் கட்சி தன்னைத்தானே கலைத்துப் பார்த்தது. நீதிமன்றம் ஏற்கவில்லை. 1952 அக்டோபர் 23-ல் தடை விதித்தது. கொள்கை, அமைப்பு, ஆட்கள் எல்லாவற்றிலும் இது நாஜிக் கட்சியின் வாரிசு என்றது. சொத்து பறிமுதல், எம்.எல்.ஏ., எம்.பி. பதவிகள் பறிபோயின, வேறு பெயரில் அதே கட்சியை நடத்தவும் தடை. அதன்பின் 1956-ல் கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. இந்த நீதிமன்றம் கட்சி என்று ஏற்றுத் தடை செய்தது இந்த இரண்டை மட்டுமே. 2017-ல் இன்னொரு தீவிர வலதுசாரிக் கட்சி மேல் வழக்கு வந்தபோது, அதன் நோக்கம் தவறு, ஆனால் அதை நிறைவேற்றும் அளவுக்குப் பலம் இல்லை என்று சொல்லித் தடை செய்ய மறுத்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. பதிவு செய்த கட்சியின் பதிவை ரத்து செய்யும் பொதுவான அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் சொன்னது. மோசடியாகப் பதிவு வாங்கியிருப்பது போன்ற சில சூழல்கள் மட்டும் விதிவிலக்கு. அமைப்புகளைத் தடை செய்ய சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் தனியாக இருக்கிறது. அதில் முதல் முடிவு எடுப்பது மத்திய அரசு, தீர்ப்பாயம் பிறகு வருகிறது. அதேநேரம், இறந்தவர் பற்றிய அவதூறு நம்ம சட்டத்திலும் குற்றம்தான். குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு பாயும்.

ரேமர் திருந்தினாரா?

இல்லை. மூன்று மாத சிறைக்குக்கூடப் போகாமல் எகிப்துக்கு ஓடினார். பல வருஷம் அரபு நாடுகளில் தங்கினார். பின்னர் ஜெர்மனி திரும்பி, 1983-ல் இன்னொரு அமைப்பைத் தொடங்கினார். 1990-களின் தொடக்கத்தில் தன் பெயரிலேயே ஒரு செய்தித்தாள் வெளியிட்டார். யூதர்களை விஷவாயு வைத்துக் கொன்றது நடக்கவே இல்லை என்று அதில் எழுதினார்கள். இன்றைய வாட்ஸ்அப் ஃபார்வர்டின் காகித வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். அறிவியல் ஆய்வு என்ற பெயர், படித்தவர் எழுதியது என்ற முத்திரை, உள்ளே பொய்.

1992 அக்டோபரில் ஷ்வைன்ஃபுர்ட் நீதிமன்றம் அவருக்கு 22 மாதம் சிறை விதித்தது. அப்போது வயது 80. மேல்முறையீடுகள் முடிந்து சிறைக்குப் போக வேண்டிய நேரத்தில், 1994-ல் ஸ்பெயினுக்கு ஓடினார். ஜெர்மனி அவரைத் திருப்பி அனுப்பக் கேட்டது. ஸ்பெயின் நீதிமன்றம் மறுத்தது, அங்கே அது அப்போது குற்றமில்லை என்ற காரணத்தால். 1997 அக்டோபர் 4-ல், மார்பெய்யா என்ற கடற்கரை ஊரில் 85 வயதில் இறந்தார்.

அவர் மேல் வழக்குப் போட்ட பாவர், பின்னர் ஃபிராங்க்ஃபர்ட்டில் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்து, அடால்ஃப் ஐக்மன் அர்ஜென்டினாவில் ஒளிந்திருந்த தகவலை இஸ்ரேலுக்குக் கொடுத்தார். 1963-ல் தொடங்கிய ஆஷ்விட்ஸ் வழக்கு விசாரணைக்குக் காரணமும் அவர்தான். 1968-ல் இறந்தார்.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

ரேமரின் வாழ்க்கையில் கவனிக்க வேண்டியது மூன்று.

ஒன்று, போரில் காட்டிய தைரியம் வேறு, அரசியலில் சொல்வது சரியா தப்பா என்பது வேறு. பதக்கம் உண்மையாகவே இருக்கலாம், பேச்சு பொய்யாக இருக்கலாம். பதக்கத்தைக் காட்டிப் பொய்யை விற்கும் வித்தை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை.

இரண்டு, அவர் கட்சிக்கு ஓட்டுப் போட்ட எல்லோரும் நாஜிகள் இல்லை. வேலை, வீடு, பென்ஷன், மரியாதை எல்லாம் இழந்தவர்கள் அதில் நிறைய. 1950-களில் ஜெர்மன் பொருளாதாரம் வேகமாக எழுந்தது. அகதிகளுக்கு வீடும் வேலையும் கிடைக்கக் கிடைக்க, அந்த ஓட்டுகள் மற்ற கட்சிகளுக்குப் போயின. தடைத் தீர்ப்பு கட்சியை மூடியது, அதன் ஓட்டைக் கரைத்ததில் சம்பளத்துக்கும் பங்கு உண்டு.

மூன்று, சத்தியம். இன்றைய ஜெர்மன் வீரர் எந்தத் தலைவர் பெயரிலும் சத்தியம் செய்வதில்லை. குடியரசுக்கு உண்மையாகச் சேவை செய்வதாகவும், மக்களின் உரிமையையும் சுதந்திரத்தையும் காப்பதாகவும் சொல்கிறார். மனித கண்ணியத்துக்கு எதிரான உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் இருக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது, குற்றம் செய்யச் சொல்லும் உத்தரவுக்குக் கீழ்ப்படியவே கூடாது என்கிறது. புதிய வீரர்கள் சத்தியம் செய்யும் விழா ஜூலை 20 அன்று பெர்லினில் நடத்தப்படுகிறது. அதே கட்டட வளாகத்தில்தான் ஸ்டாஃபன்பெர்க்கை நிற்க வைத்துச் சுட்டார்கள்.